சேவல் காசை மாலையிலிருந்து கழற்றலாமா?

9 ஜனவரி 2024, கேள்வி (புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி)

ஆயாவின் காசு மாலை எனக்கு வந்திருக்கிறது. மொத்தம் 21 காசு. இருபதில் லட்சுமி. நடுக்காசு மட்டும் வேறு: ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் தொப்பி போட்ட ஒரு பெண் தலை, 1909 என்று இருக்கிறது. மாலை அறுந்திருந்ததால் கடைக்கு எடுத்துப் போனேன். நடுக்காசை மட்டும் கழற்றி மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, 76 சதவீதம்தான், 18 காரட், இதை எடுத்துக்கொண்டு லட்சுமி காசு ஒன்று வைத்துத் தருகிறோம் என்றார்கள். காசு சேகரிப்பவர்கள் நிறையக் கொடுப்பார்கள், வளையத்தை அறுத்துவிட்டு விற்கலாம் என்கிறான் என் தம்பி. எது சரி?

9 ஜனவரி, இரவு

அறுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அது பிரான்சின் 20 பிராங்க் பொற்காசு. எங்கள் வீட்டிலும் அதற்குப் பெயர் சேவல் காசுதான். பிரெஞ்சுக்காரர்கள் 20 பிராங்க் காசையெல்லாம் நெப்போலியன் என்பார்கள், அதில் நெப்போலியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம், அதாவது 21.6 காரட். 18 காரட்டாக இருக்க வாய்ப்பே இல்லை, போலியாக இருந்தால் ஒழிய. அசல் காசின் எடை 6.45 கிராம், குறுக்களவு 21 மில்லிமீட்டர். முதலில் ஓரத்தைப் பாருங்கள். ரூபாய்க்கு இருக்கிற மாதிரி வரிவரியாக இருக்காது, எழுத்து இருக்கும். 'லிபெர்த்தே, எகாலித்தே, ஃப்ரதெர்னித்தே' என்று இருந்தால் 1907-க்குப் பிந்தைய அசல். அதற்கு முந்தைய சேவல்களில் 'கடவுள் பிரான்சைக் காக்கட்டும்' என்று பிரெஞ்சில் இருக்கும்.

வளையத்தை அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். நன்றாக முடியவில்லை.

10 ஜனவரி

ஓரத்தில் எழுத்து இருக்கிறதாம், வளையத்தோடு எடை 7.10 கிராம் வருகிறதாம். பயப்பட வேண்டாம், அந்த 0.65 கிராம் வளையமும், அதைப் பற்றவைத்த பொடியும். பழைய பத்தர்கள் நிறையவே பொடி வைத்து ஊதுவார்கள்.

இன்னொரு விஷயம். 'மீதி இருபதும் என்ன காசு?' என்று கேட்டிருக்கிறீர்கள். அவை காசே இல்லை. காசு மாலையில் இருக்கும் லட்சுமி காசு, அச்சில் வைத்து அடித்த மெல்லிய தகடு. எந்த அரசாங்கமும் வெளியிட்டதல்ல, எங்கும் செலவானதல்ல. உங்கள் மாலையில் உண்மையான காசு என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் கழற்றிப் போடச் சொல்கிறார்கள்.

11 ஜனவரி

முதல் குறிப்பில் ஒரு தவறு. ஓர எழுத்தைப் பார்த்து 'அசல்' என்று சொல்லிவிட முடியாது. சேவல் காசை பிரெஞ்சு அரசே 1951-லிருந்து 1960 வரை மறுபடி அடித்தது. அடித்த வருடத்தைப் போடாமல் 1907 முதல் 1914 வரையிலான பழைய வருடங்களையே போட்டார்கள், ஓரத்திலும் அதே மூன்று வார்த்தைகள்தான். ஆகவே 1909 என்று இருப்பது 1909-இல் அடித்ததாகவும் இருக்கலாம், 1955-இல் அடித்ததாகவும் இருக்கலாம். மறுபடி அடித்தவை கொஞ்சம் செம்பு நிறமாகத் தெரியும் என்பார்கள். எழுபது எண்பது வருடம் புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுக் கழுவிய நகையில் நிறத்தைப் பார்த்து என்ன சொல்ல?

இரண்டுமே அரசு அடித்ததுதான், இரண்டிலும் தங்கம் ஒன்றேதான். சேகரிப்பவர்களுக்குத்தான் கவலை.

12 ஜனவரி

தம்பிக்குப் பதில்: 1907 முதல் 1914 வரையிலான சேவல் காசுகள் அபூர்வமல்ல. கோடிக்கணக்கில் அடித்தவை. வளையம் இல்லாத நல்ல காசுக்கே தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும். வளையம் வைத்ததற்கு அதுவும் கிடையாது.

கணக்கு இதோ. அதில் சொக்கத் தங்கம் 5.8 கிராம். 916 நகையாக மாற்றிச் சொன்னால் 6.34 கிராம். முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. 'ஒரு பவுன் காசு' என்று ஆயா சொல்லியிருந்தால் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

13 ஜனவரி

'பவுன் என்றால் எட்டு கிராம், ஆனால் வெள்ளைக்காரன் பவுன் எட்டு இல்லை, அதிலும் ஏமாற்றியிருக்கிறான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது, கணக்கு புரியவில்லை. இங்கிலாந்தின் சாவரின் காசு 7.988 கிராம், 22 காரட். நம் கடைப் பவுன் 8 கிராம். வித்தியாசம் 12 மில்லிகிராம். வெள்ளைக்காரன் அதைவிடப் பெரிதாகவெல்லாம் எடுத்துப் போயிருக்கிறான், இதை விட்டுவிடலாம்.

ஆனால் யோசித்தால் வேடிக்கைதான். பவுன் என்பது ஒரு காசின் பெயர். காசு போய்விட்டது, எடை நின்றுவிட்டது. தோலாவும் அப்படித்தான்: 180 கிரெய்ன், 11.66 கிராம், அதுதான் வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாயின் எடை. வராகனெடையும் வராகன் காசு கொடுத்ததே. நாம் நகைக்கடையில் 'ரெண்டு பவுன் சங்கிலி' என்று கேட்கும்போது இரண்டு சாவரினை உருக்கிக் கொடுத்த யாரோ ஒருவரின் பேச்சைத்தான் திரும்பப் பேசுகிறோம்.

என் தாத்தா 'பதினைஞ்சு ரூபாய்க்கு ஒரு பவுன்' என்று அடிக்கடி சொல்வார். கதை என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அரசு வைத்த விகிதமே. 1918-இல் பம்பாயில் 15 ரூபாய் என்று எழுதியே ஒரு பொற்காசு அடித்தார்கள், சாவரின் எடையில். அதே வருடம் அங்கே சாவரினும் அடித்தார்கள். சாவரினின் ஒரு பக்கத்தில் இருக்கும் குதிரையின் காலுக்குக் கீழே, வருடத்துக்கு மேலே, நிலக்கோட்டில் 'ஐ' என்று ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும். இந்தியாவுக்கு ஐ. வீட்டில் 1918 பவுன் இருப்பவர்கள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'பி', 'எம்', 'எஸ்' இருந்தால் ஆஸ்திரேலியாக் காசு, 'சி' இருந்தால் கனடாக் காசு.

17 ஜனவரி

பொங்கல் முடிந்தது. கரும்பு தின்று பல் வலி.

மெஷின் விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. 76 எங்கிருந்து வந்தது? நேற்று லாரன்ஸ் சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்குப் போய்க் கேட்டேன். பத்தர் சிரித்தார். அந்த எக்ஸ்ரே மெஷின் பொருள் முழுவதையும் பார்ப்பதில்லை, மேல்தோலைத்தான் பார்க்கும், அதுவும் ஒரு புள்ளியில். காசை எப்படி வைக்கிறார்களோ அந்த இடத்தின் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், மட்டும் திரையில் வரும். வளையத்தைக் கீழே வைத்திருந்தால் வளையத்தின் மாற்று. பற்றவைத்த இடத்தில் வைத்திருந்தால் பொடியின் மாற்று. பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காக அதில் வெள்ளியும் செம்பும் கூடக் கலந்திருக்கும், அதனால் மாற்று குறைவுதான்.

ஆக, மெஷின் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. சேவலின் வயிற்றிலும் பெண்ணின் கன்னத்திலும் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எதிரிலேயே நில்லுங்கள்.

21 ஜனவரி, ஞாயிறு

காந்தி வீதி சண்டே மார்க்கெட். வாங்கக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் பஸ் ஏறினேன்.

வெள்ளி ரூபாயில் கொக்கி வைத்த பதக்கம் ஒன்று, ஆறாம் ஜார்ஜ் தலை, இரண்டாயிரம் கேட்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தான். பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் 1944. முப்பது வருடமாகக் காசு பார்க்கிறேன், வாங்குவதற்கு முன் வருடம் பார்க்கத் தோன்றவில்லை. இவன் ஒரு நிபுணன்!

தெரியாதவர்களுக்கு: விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 91.7 சதவீதம் வெள்ளி. ஆறாம் ஜார்ஜின் 1938-லும் அப்படியே. போர் வந்ததும் 1940 முதல் பாதி வெள்ளிதான். 1947-இல் வந்த புலி போட்ட ரூபாய் வெறும் நிக்கல், காந்தம் ஒட்டும். 1939 என்று போட்ட ரூபாய் அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே மற்ற வருடத்தைச் சுரண்டி 1939 ஆக்குகிறவர்கள் உண்டு. ஓரத்தைப் பாருங்கள்: பாதி வெள்ளிக் காசுகளின் ஓரத்தில் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும், பழையவற்றில் வெறும் வரிதான்.

என்னிடம் இப்போது ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவான வெள்ளியும் அதே அளவு செம்பு முதலான சரக்கும் இருக்கின்றன. பேத்திக்குப் பிடித்திருக்கிறது.

22 ஜனவரி

'ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனி காசு எங்களிடம் இருக்கிறது, மாலையில் கோக்கலாமா?' கோக்கலாம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. ராமர், அனுமார், லட்சுமி என்று கம்பெனி பெயரோடு வருபவை எல்லாம் பின்னால் யாரோ அடித்து விற்றவை. பூஜையில் வையுங்கள், லாக்கரில் வேண்டாம்.

அதே கடிதத்தில் அரிசியை இழுக்குமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். இழுக்காது. ரைஸ் புல்லிங் கும்பல் காசை இழுக்கும்.

பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வருவதும் இந்த வகைதான். ரிசர்வ் வங்கி இந்த வியாபாரத்தில் இல்லை, தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் அவர்களே அறிவித்தார்கள். முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

26 ஜனவரி

லீவு. ஒரு யோசனை.

காசில் கொக்கி வைப்பது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறோம். ரோமாபுரிப் பொற்காசுகள் நம் பக்கம் கிடைத்தவற்றில் நிறையவே துளையிட்டவை, வளையம் வைத்தவை. அரிக்கமேடு இங்கிருந்து எட்டும் தூரம், அந்த வியாபாரம் நம் கடலோரத்தில்தான் நடந்தது. வந்த காசைச் செலவு செய்யவில்லை, கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசு கிடைத்தது. அதில் பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் மேல் உளியால் வெட்டு. செலவாணியிலிருந்து விலக்கத்தான் வெட்டினார்கள் என்கிறார்கள். வெறும் உலோகமாகத்தான் மதிப்பு, தலைக்கு மதிப்பு இல்லை.

அந்த வெட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

3 பிப்ரவரி

'தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பயந்துதான் காசில் வளையம் வைத்திருப்பார்கள்' என்று ஒரு அன்பர் எழுதியதை நானும் ஏற்கிறேன். 1968 முதல் 1990 வரை அந்தச் சட்டம் இருந்தது. தங்கத்தைக் கட்டியாக வீட்டில் வைக்க முடியாது, நகையாக வைக்கலாம். ஒரு வளையம் வைத்தால் காசு நகையாகிவிடுகிறது. முத்தியால்பேட்டை மாலையும் அந்தக் காலத்ததாகத்தான் இருக்கும்.

26 பிப்ரவரி

மேலே எழுதியதை அடித்துவிடுங்கள்.

மாசி மகத்துக்கு ஊருக்கு வந்த முத்தியால்பேட்டை வாசகியின் அக்கா, ஆயாவின் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்திருக்கிறார். அட்டையின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையும் 1949 என்ற தேதியும். ஆயா கழுத்தில் அதே மாலை, நடுக்காசு மற்றவற்றைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. 1968 சட்டத்துக்குப் பயந்து 1949-இலேயே யாரும் வளையம் வைத்திருக்க முடியாது. மறுபடி அடித்தது 1951-இல் தொடங்கியதால், 1949-இல் கழுத்தில் இருந்த காசு பழையதுதான். நடுவில் யாரும் மாற்றிக் கோக்கவில்லை என்றால்! போட்டோவில் சேவல் தெரியவில்லை, வட்டம்தான் தெரிகிறது. கோர்ட்டில் நிற்காது. எனக்குப் போதும்.

1949-இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த வீட்டில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய், இருந்தாராம், ஆயாவின் அப்பா. பிறகென்ன, சேவல் எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மெஷின் முடிவும் வந்திருக்கிறது, வேறு கடையில். கன்னத்தில் வைத்தால் 90.1. வயிற்றில் 89.9. வளையத்தில் 83. பற்றவைத்த இடத்தில் 75. முதல் கடை 76 என்று முழுக் காசுக்கும் கணக்குப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம் சொக்கத் தங்கம் போயிருக்கும். வேண்டுமென்றே செய்தார்களா? அப்படி நினைக்கவில்லை. 916 தவிர வேறு எதையும் பார்த்துப் பழகாத பையன்கள், திரையில் வந்த எண்ணைப் படித்திருக்கிறார்கள்.

27 பிப்ரவரி

'ஹால்மார்க் இல்லாததால் இனி விற்கவே முடியாதாமே?' யார் சொன்னது? 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக வந்த கட்டாயம் நகை விற்கும் கடைக்காரருக்கு. 2023 ஏப்ரல் முதல் அவர் விற்கும் நகையில் ஆறு எழுத்து எண் இருக்க வேண்டும். ஆயா நகையை நீங்கள் கொண்டுபோய் விற்கவோ மாற்றவோ தடை இல்லை. எண் இல்லை என்று சொல்லி விலை குறைத்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.

10 மே, அட்சய திருதியை

கடைகளில் கூட்டம் நெரிகிறது, பாரதி வீதி பக்கமே போக முடியவில்லை. ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்க வேண்டும் என்று மருமகள். கால் கிராம் லட்சுமி காசு வாங்கினாள், பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டியது. மாலையில் கோக்க முடியாது, பிரித்தால் மதிப்புப் போகும் என்று அட்டையிலேயே பயமுறுத்தியிருக்கிறார்கள். அதையும் சாமி படத்தின் முன்னால் வைத்தாயிற்று.

19 மே

வளையம் அறுத்த 'ஒருவர்' யார் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நான்தான்.

அம்மாவின் பவுன் காசு. 1918, குதிரைக்குக் கீழே 'ஐ'. பதினைந்து வருடம் முன்னால், சேகரிப்பவர்கள் அதற்குத் தங்க விலைக்கு மேல் தருகிறார்கள் என்று படித்துவிட்டு, அம்மாவிடம் சங்கிலி கோக்கப் போகிறேன் என்று சொல்லி எடுத்துப் போனேன். பத்தர் அறுத்து, ராவி, பளபளவென்று மெருகும் போட்டுக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதைச் செய்தார். மன்னர் தலைக்கு மேலே விளிம்பும் இரண்டு மூன்று எழுத்தும் காணவில்லை. எடை 7.9. புதுச்சேரியில் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸில் ஒரு தடவைதான் பார்த்தார். 'தம்பி, இதை உருக்கத்தான் முடியும்' என்று கையில் திருப்பி வைத்துவிட்டார்.

உருக்கத்தான் கொடுத்தேன். அந்தப் பணத்தில் ஒரு போன் வாங்கினேன். இரண்டு வருடம் வேலை செய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். திட்டவில்லை. 'தேடு' என்றார். அப்புறம் பல தடவை, நான் ஏதாவது பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், 'அதுல இருக்கா பாரு' என்பார். போன வருடம் வரை சொன்னார்.

முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

20 மே

ஆறுதல் சொன்னவர்களுக்குச் சரி. 'அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே' என்று கேட்டவருக்கும் சரி.

24 ஜூலை

நேற்று பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். விலை சரிந்ததும் முத்தியால்பேட்டைத் தம்பி 'அப்போதே விற்றிருக்கலாம்' என்று அக்காவிடம் சண்டையாம். தம்பி, உங்கள் அக்கா இதை விற்கவே போவதில்லை. மாலையை முறுக்குக் கம்பி போட்டுக் கோத்து, அதே பழைய வளையத்தோடு சேவலை நடுவில் வைத்து வாங்கிவிட்டார். கூலி மட்டும் கொடுத்திருக்கிறார்.

சேவல் முன்பக்கமா, பெண் முன்பக்கமா என்று பட்டறையில் கேட்டார்களாம். போட்டோவைக் காட்டியிருக்கிறார். அதில் தெரியாது. பெண்ணை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். நானாக இருந்தால் சேவலை வைத்திருப்பேன்.

4 ஆகஸ்ட்

ஆடி மாதச் சுத்தம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய சாவிக்கொத்து கிடைத்தது, இடுப்பில் செருகுவது. சாவி ஒன்றும் இல்லை, கொக்கியில் ஒரு பெரிய வெள்ளிக்காசு மட்டும் தொங்குகிறது. இந்தோசீனா பியாஸ்தர், 1908. சின்னத் தாத்தா சைகோனில் வேலை பார்த்தவர், அவர் கொண்டுவந்ததாக இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஒரு பக்கம், மறுபக்கம் எழுத்து. எனக்கு இந்தக் காசில் பிடித்ததே அந்த எழுத்துதான்: மாற்று 0.900, எடை 27 கிராம் என்று காசிலேயே அடித்திருப்பார்கள். மெஷினும் வேண்டாம், உரைகல்லும் வேண்டாம்.

ஆனாலும் தெருமுனை வெள்ளிக்கடைத் தராசில் போட்டேன். 28.3. தேய்ந்தது போக காசு 26.7 இருக்கும் என்று வைத்தால் வளையம் 1.6 கிராம். இவ்வளவு கனமான வளையம் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். பத்துப் பன்னிரண்டு சாவி தொங்கியிருக்கும் என்றேன்.

வளையத்தின் உட்பக்கம் ஒரு இடம் மட்டும் மெலிந்து பள்ளமாக இருக்கிறது. கழுவாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.